டாக்பேக் பேனல்: எந்தக் கீயில் யாரை வைப்பது?

சென்ற மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இன்டர்காம் அல்லது டாக்பேக் பேனலைப் பற்றியவை, அதாவது நிகழ்ச்சி நடக்கும்போது குழுவினர் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள உதவும் பட்டன்கள் (கீ) உள்ள பெட்டி. டிவி ஸ்டூடியோவிலும் வெளியிடத்திலிருந்து ஒளிபரப்பும் ஓபி வேனிலும் மட்டும் இருந்த இந்தப் பெட்டி இப்போது கல்லூரி, சர்ச், சபா மேடை, திருவிழா நேரலை என்று எங்கும் வந்துவிட்டது. பெரிய நிறுவனங்கள் கழித்துவிடும் பழைய செட்டை வாங்குகிறார்கள். பெட்டி நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் கீ ஒவ்வொன்றுக்கும் என்ன வேலை கொடுப்பது என்பதில்தான் எல்லோரும் நிற்கிறார்கள். 26 வருடம் ஓபி வேனில் ஆடியோவும் டாக்பேக்கும் பார்த்தவன் என்பதால் இந்த முறை முழுப் பகுதியையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: எங்கள் கல்லூரி ஸ்டூடியோவுக்குப் பழைய மேட்ரிக்ஸ் இன்டர்காம் (எல்லாப் பேனல்களையும் ஒரு மையக் கருவி இணைக்கும் முறை) ஒன்று வாங்கினோம். டைரக்டர் மேஜையில் 12 கீ உள்ள பேனல். விற்றவர் எல்லாக் கீயையும் ஒரே மாதிரி அமைத்துக் கொடுத்துவிட்டார். தட்டினால் ஆன், மறுபடி தட்டினால் ஆஃப். டைரக்டர் பேசுவதெல்லாம் எல்லோருக்கும் கேட்கிறது, செய்தி வாசிக்கும் மாணவியின் காதிலும் விழுகிறது. மென்பொருளைத் திறந்தால் ஒவ்வொரு கீக்கும் பத்துப் பதினைந்து தேர்வுகள் வருகின்றன. எங்கிருந்து தொடங்குவது?
– உதவிப் பேராசிரியர், திருநெல்வேலி

பதில்: முதலில் கம்ப்யூட்டரை மூடி வையுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் கட்டம் போடுங்கள். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக உங்கள் ஆட்களை எழுதுங்கள்: டைரக்டர், ஸ்விட்சர் (காட்சிகளை மாற்றுபவர்), ஆடியோ, கேமரா, ஃப்ளோர் மேனேஜர், செய்தி வாசிப்பவர். அதே பெயர்களை மேல் வரிசையிலும் எழுதுங்கள். இடது பக்கத்து ஆள் மேல் வரிசை ஆளிடம் பேச வேண்டுமானால் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி. ஆறு பேர் என்றால், தனக்குத் தானே பேசும் கட்டங்களை விட்டு 30 கட்டம் வரும். பாதிக்கு மேல் காலியாக இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆடியோக்காரர் செய்தி வாசிப்பவரிடம் நேராகப் பேச வேண்டிய அவசியம் எப்போது வரும்? மைக் செக் நேரத்தில் மட்டும். அதற்கு ஃப்ளோர் மேனேஜர் இருக்கிறார். அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

புள்ளி வைத்த கட்டம் ஒவ்வொன்றிலும் இரண்டு விஷயம் பாருங்கள். பேசுகிறவரின் கை சும்மா இருக்கிறதா? தவறுதலாகத் திறந்து கிடந்தால் கேட்பவருக்கு என்ன கெடும்?

கேமராமேனின் ஒரு கை கேமராவைத் திருப்பும் பேன் பாரில், இன்னொரு கை ஃபோக்கஸில். அவரைப் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசச் சொன்னால் ஷாட் ஆடும். அவருக்கு லாட்ச் வேண்டும், அதாவது ஒருமுறை தட்டினால் மைக் திறந்தே இருக்கும். ஸ்விட்சருக்கும் இரண்டு கையும் கட் பட்டன்களில்தான், அவருக்கும் லாட்ச் கொடுக்கலாம். காலால் மிதிக்கும் சுவிட்சை இணைக்க வழி இருந்தால் இன்னும் நல்லது. டைரக்டரின் கை அப்படியில்லை, பெரும்பாலும் மேஜை மேல்தான் இருக்கும். அவருக்கு மொமெண்டரி போதும். விரல் கீயில் இருக்கும் வரை பேச்சு போகும், எடுத்தால் நின்றுவிடும்.

பல பேனல்களில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு. சட்டென்று தட்டிவிட்டால் லாட்ச், அழுத்திப் பிடித்தால் மொமெண்டரி. விற்பவர்கள் இதைத்தான் வசதி என்று காட்டுவார்கள். செய்தி வாசிப்பவரின் காதுக்குப் போகும் கீயில் மட்டும் இதை வைக்கவே வைக்காதீர்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

2006 சட்டமன்றத் தேர்தலின் வாக்கு எண்ணிக்கை நாள். ஓர் எண்ணிக்கை மையத்தின் வாசலில் எங்கள் வேன் நிற்கிறது. நிருபரின் காதுக்குப் போகும் கீயை நான் அந்த மூன்றாவது முறையில் விட்டிருந்தேன். தயாரிப்பாளர் ‘இன்னும் 30 விநாடி’ என்று சொல்ல அவசரமாக ஒரு தட்டுத் தட்டினார். கீ லாட்ச் ஆகிவிட்டது. அவர் என் பக்கம் திரும்பி, பக்கத்துத் தொகுதியின் சுற்று விவரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கீயில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் நேரலையில் எல்லோருடைய கண்ணும் மானிட்டரில் இருக்கும், பேனலை யாரும் பார்ப்பதில்லை. காதில் விழுந்த எண்ணிக்கையை நிருபர் தன் தொகுதியின் எண்ணிக்கை என்று நினைத்து அப்படியே சொல்லிவிட்டார். திருத்தம் போவதற்குள் நான்கு நிமிடம். அவருக்கு 24 வயது இருக்கும். வேன் படியில் உட்கார்ந்து, ‘காதுல வந்ததைத்தான் சார் சொன்னேன்’ என்றார். அவர் மேல் தப்பே இல்லை. அந்த ஒரு கீயில் லாட்சை அணைக்க எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும், நான் செய்யவில்லை.

உங்கள் 12 கீக்கு வருவோம். முதல் கீயில் ‘கேமரா எல்லோரும்’ என்று ஒரு குரூப். 2, 3, 4 தனித்தனிக் கேமராக்கள். 5 ஃப்ளோர் மேனேஜர், 6 ஆடியோ, 7 கிராஃபிக்ஸ், 8 பிளேஅவுட் (பதிவான வீடியோவை ஓட்டுபவர்), 9 லைட்டிங். 10, 11 இரண்டும் காலி. 12-இல் செய்தி வாசிப்பவர். நடுவில் இரண்டு கீயைக் காலியாக விடுவது வீண் இல்லை. அவசரத்தில் விரல் ஒரு கீ தள்ளி விழும், அப்படி விழுந்தாலும் காலிக் கீயில்தான் விழும். நான் அந்த இரண்டின் மேலும் வெள்ளை டேப் ஒட்டிவிடுவேன். இருட்டில் கூட விரலுக்கு டேப்பின் சொரசொரப்பு தெரியும், அதைத் தாண்டினால் செய்தி வாசிப்பவரின் கீ.

12-ஆம் கீயை வெறும் டாக் என்று போடாமல் ஐஎஃப்பி என்று அமையுங்கள். சாதாரண டாக் என்றால் உங்கள் குரல் மட்டும் போகும். ஐஎஃப்பி என்றால் வாசிப்பவரின் காதில் நிகழ்ச்சியின் ஒலி ஓடிக்கொண்டே இருக்கும், நீங்கள் கீயை அழுத்தியதும் அது தாழ்ந்து உங்கள் குரல் மேலே வரும், விட்டதும் பழையபடி. முழுக்க வெட்டுவதா, தாழ்த்துவதா என்று தேர்வு கேட்கும். தாழ்த்துவதையே வையுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போது காதில் திடீரென்று மௌனம் விழுந்தால், லைன் போய்விட்டதோ என்று புதியவர்கள் தடுமாறுவார்கள்.

கேட்கும் பக்கத்தில் இவ்வளவு பயம் வேண்டாம். கேமராக்களிடமிருந்து வருவதை டைரக்டர் பேனலில் லிசன் லாட்ச் செய்து, எப்போதும் கேட்கும்படி விடலாம். ‘ஆட்டோ லிசன்’ என்று ஒரு தேர்வு வரும், டாக் அழுத்தியதும் அந்த ஆளின் பேச்சும் தானாகத் திறக்கும். கேமராக்களுக்கும் ஆடியோவுக்கும் அதை ஆன் செய்யுங்கள். செய்தி வாசிப்பவருக்கு வேண்டாம், அவருடைய மைக்தான் ஸ்பீக்கரில் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கிறதே. ‘டிம்’ என்பதையும் ஆன் செய்யுங்கள். டைரக்டர் பேசும்போது பேனல் ஸ்பீக்கர் தானாகத் தாழும். இல்லாவிட்டால் பேனலில் உள்ள வளையும் கழுத்துக் கூஸ்நெக் மைக்கும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கீச்சென்று கத்தும்.

எல்லாம் ஏற்றியபிறகு சோதிக்கும்போது பலரும் பாதிதான் செய்கிறார்கள். கீயை அழுத்தி ‘கேமரா 2, கேட்கிறதா?’ என்று கேட்டு, ‘கேட்கிறது’ என்று பதில் வந்ததும் அடுத்த கீக்குப் போய்விடுகிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு மாணவரை உட்கார வையுங்கள். ஒரு கீயை அழுத்திப் பேசியதும், ‘வேறு யாருக்காவது கேட்டதா?’ என்று மற்ற எல்லோரையும் கேளுங்கள். கேட்கக் கூடாத காதில் விழுகிறதா என்பது அப்போதுதான் வெளியே வரும்.

கேள்வி: எங்கள் நாடகக் குழுவில் மேடை நிர்வாகம் நான்தான். எங்களிடம் பெரிய பேனல் இல்லை, ஒரு மெயின் ஸ்டேஷனும், இடுப்பில் மாட்டும் சின்னப் பெட்டிகளான பெல்ட்பேக் நான்கும் மட்டும். திரை இழுப்பவர் எப்போதும் மைக்கைத் திறந்து வைத்துவிடுவார். அவர் மூச்சும் மேடை இசையும் எல்லோர் காதிலும் கேட்கின்றன. நான் கூப்பிட்டால் மட்டும் அவருக்குக் கேட்பதில்லை!
– மயிலாப்பூர், சென்னை

பதில்: சகோதரி, உங்களுடையது பார்ட்டி லைன் முறை, எல்லோரும் ஒரே லைனில் பேசிக் கேட்பது. 1968-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய கிளியர்-காம் நிறுவனம் இசைக் கச்சேரி மேடைகளுக்காகப் பரப்பிய முறை இது. 3 பின் கேபிள் ஒன்றிலேயே 30 வோல்ட் மின்சாரமும் பேச்சும் போகும். மைக் கேபிளே போதும் என்பதால் சபாவில் எங்கே வேண்டுமானாலும் இழுக்கலாம். ஆனால் மைக் கேபிள்தானே என்று அந்த முனையை யாராவது மிக்சரில் செருகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் இன்டர்காம் கேபிள்களின் இரண்டு முனையிலும் சிவப்பு டேப் சுற்றி வைப்பேன்.

உங்கள் பெல்ட்பேக்கிலும் பெரும்பாலும் அதே கதைதான், தட்டினால் லாட்ச், பிடித்தால் மொமெண்டரி. சில மாடல்களில் உள்ளே ஒரு சின்ன டிப் சுவிட்ச் இருக்கும், அதில் லாட்சை அணைக்கலாம். ஆனால் அவருக்கு அணைக்கச் சொல்ல மாட்டேன். திரைக் கயிறு இரண்டு கையாலும் இழுக்கிற வேலை, அவர் பட்டனைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. அதற்குப் பதில் மெயின் ஸ்டேஷனில் ‘மைக் கில்’ என்று ஒரு பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். அதை அழுத்தினால் 24 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஒன்று கேபிளில் போகும். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பிடிக்காது, அதனால் யாருக்கும் எதுவும் கேட்காது. பெல்ட்பேக்குகள் மட்டும் அதைப் புரிந்துகொண்டு திறந்திருக்கும் மைக்குகளை மூடிவிடும். ஒவ்வொரு காட்சி மாற்றத்துக்கும் முன்னால் ஒருமுறை அழுத்துவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அவருக்குக் கேட்காததற்குக் காரணம் ஹெட்செட்டைக் கழுத்தில் மாட்டியிருப்பது. நான் சந்தித்த திரைக்காரர்களில் பாதிப் பேர் அப்படித்தான் வைத்திருப்பார்கள், மேடையில் நடிகர் பேசுவதையும் அவர்கள் கேட்க வேண்டுமே. அவருக்கு ஒற்றைக் காது ஹெட்செட் கொடுங்கள். பெல்ட்பேக்கை இடுப்பில் மாட்டாமல், அதன் ‘கால்’ (அழைப்பு) பட்டன் எரிவது கண்ணில் படும்படி கயிற்றுக்குப் பக்கத்தில் கட்டுங்கள். நீங்கள் மெயின் ஸ்டேஷனில் அழைப்புப் பட்டனை அழுத்தியதும் விளக்கு எரியும், அது ‘தயார்’. அணைந்ததும் ‘இழு’. குரலே வேண்டாம். பல நாடகங்களில் நான் இதைப் பார்த்திருக்கிறேன், அமைதியான காட்சிகளில் இதைவிட நல்ல வழி கிடையாது.

இன்னொன்று. எல்லோருடைய ஒலியும் அளவுக்கு மீறி ஓங்கி, விசில் அடிப்பது போலிருந்தால் லைனின் 200 ஓம் டெர்மினேஷன் (லைனில் இருக்க வேண்டிய மின்தடை) விட்டுப்போயிருக்கும். எல்லோருக்கும் மெல்லக் கேட்டால் அது இரண்டு இடத்தில் ஆன் ஆகியிருக்கும். ஒரு சேனலுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும், பெரும்பாலும் மெயின் ஸ்டேஷனில்.

கேள்வி: நிலவுக்குப் போன அப்பல்லோ பயணங்களின் ஆவணப்படங்களில், கட்டுப்பாட்டு அறையில் ஒரே ஆள் ஒரே நேரத்தில் பலர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே பதிலும் சொல்கிறார். இது எப்படி முடிகிறது?
– பொறியியல் மாணவர், திருச்சி

பதில்: தம்பி, எனக்கு மிகவும் பிடித்த இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். நாசாவின் ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையில் ஒவ்வொரு கன்சோலிலும் (ஒருவர் உட்கார்ந்து வேலை செய்யும் கருவி மேஜை) இன்டர்காமுக்கென்று ஒரு கீ வரிசை இருந்தது. அங்கே ஒவ்வொரு பேச்சுப் பாதைக்கும் ‘லூப்’ என்று பெயர். ஃப்ளைட் டைரக்டர் பேசும் லூப் ஒன்று, விண்வெளி வீரர்களோடு பேசுவது ஒன்று, ஒவ்வொரு கன்சோல்காரருக்கும் அவருக்குப் பின்னால் வேறு அறையில் இருக்கும் நிபுணர்களோடு பேச ஒன்று. ஒருவர் பல லூப்களைக் கேட்கலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் பேச முடியும். பல பேரைக் கேட்டும் குழம்பாமல் இருந்ததன் ரகசியம் இந்த ஏற்பாடுதான்.

அந்த லூப்களை 30 தடம் கொண்ட நாடாக்களில் பதிவு செய்தார்கள். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகத்து ஆய்வாளர்கள் அவற்றை டிஜிட்டலாக மாற்றினார்கள். அப்பல்லோ 11 பயணத்துக்கு மட்டும் சுமார் 19,000 மணி நேர ஒலி. பழைய கருவி ஒரு நேரத்தில் ஒரு தடத்தை மட்டுமே வாசிக்கும் என்பதால், 30 தடத்தையும் சேர்த்து வாசிக்க, நாடாவைப் படிக்கும் ‘ஹெட்’டையே புதிதாகச் செய்தார்கள். அந்த ஒலிகள் இணையத்தில் கிடைக்கின்றன, ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். ஒருவரும் குரலை உயர்த்துவதில்லை. கூப்பிடும் பதவியின் பெயர் முதலில், அப்புறம் தன் பதவி, அப்புறம்தான் விஷயம். கட்டுப்பாட்டு அறையையும் 1969-இல் இருந்தபடியே சீரமைத்து 2019-இல் திறந்துவிட்டார்கள். போகிற வாய்ப்பு வந்தால் அந்தக் கன்சோல்களின் பட்டன்களைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், நான் இன்னும் போனதில்லை.

உங்கள் கல்லூரியில் மேட்ரிக்ஸ் பேனல் இருந்தால் இதையே செய்து பார்க்கலாம். இப்போதைய பேனல்களில் ஒவ்வொரு கீக்கும் தனித்தனி வால்யூம் வைக்கலாம். முக்கியமான லூப்பை நடு அளவில் வையுங்கள், மற்றவற்றைப் பின்னணியில் மெல்லக் கேட்கும் அளவுக்குத் தாழ்த்துங்கள். ஒரு வாரத்தில் உங்கள் பெயரை யாராவது சொன்னால் மட்டும் காது தானாகத் திரும்பும்.

கேள்வி: சர்ச் நேரலைக்கு நான்கு பேனல் வைத்திருக்கிறோம். ஒரு பேனலில் கீயை அங்கேயே மாற்றி அமைத்தேன். இரண்டு வாரம் நன்றாக இருந்தது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் பழையபடி இருக்கிறது. கருவி கெட்டுவிட்டதா?
– நாகர்கோவில்

பதில்: கெடவில்லை. பேனலிலேயே செய்யும் மாற்றம் பேனலிலும் மேட்ரிக்ஸிலும் மட்டும் இருக்கும், கம்ப்யூட்டரில் உள்ள ஃபைலுக்கு அது தெரியாது. உங்கள் குழுவில் யாரோ வேறொன்றை மாற்றுவதற்காக அந்தப் பழைய ஃபைலைத் திறந்து மேட்ரிக்ஸுக்கு அனுப்பியிருக்கிறார்கள், உங்கள் மாற்றத்தின் மேல் பழையது வந்து உட்கார்ந்துவிட்டது. இனி எதை மாற்றினாலும் மென்பொருளில் மாற்றி, தேதி போட்டுப் புதுப் பெயரில் சேமியுங்கள். திருத்தும் உரிமை ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். ஒரு பிரதியைப் பென் டிரைவில் போட்டு ரேக்கின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள்.

கேள்வி: பேனலின் சின்னத் திரையில் தமிழில் பெயர் வருமா? ஆட்களின் பெயரைப் போடுவதா, வேலையின் பெயரைப் போடுவதா?
– ஈரோடு

பதில்: பழைய பேனல்களில் வராது, ஆங்கிலத்தில் 4 அல்லது 5 எழுத்துக்குத்தான் இடம். கீழே தமிழில் சீட்டு எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். வேலையின் பெயரையே போடுங்கள். ஆள் லீவு போட்டாலும் கேமரா 2 கேமரா 2-தான்.

கேள்வி: ‘ரீப்ளை’ என்று ஒரு கீ தனியாக இருக்கிறது. அதில் யாரையும் அமைக்க முடியவில்லை.
– சேலம்

பதில்: அமைக்க வேண்டாம், அது காலியாக இருப்பதற்கென்றே உள்ள கீ. உங்கள் பேனலில் கீ ஒதுக்கப்படாத ஒருவர் கூப்பிட்டால் அவர் பெயர் அங்கே வரும், அழுத்திப் பதில் சொல்லலாம். ஒரே ஆள் அங்கே அடிக்கடி வந்தால், அவருக்கு ஒரு நிரந்தரக் கீ கொடுக்க வேண்டும் என்று அர்த்தம்.

கேள்வி: நீங்கள் எழுதுவது டிவி சமாச்சாரம். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு இன்டர்காமுக்கும் ஒரு வழி சொல்லுங்கள். தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு வாட்ச்மேனின் எண் நினைவில் இருப்பதில்லை.
– குடியிருப்போர் சங்கச் செயலாளர், வேளச்சேரி

பதில்: தாராளமாகக் கேட்கலாம் ஐயா, இதுவும் அதே வேலைதான். உங்கள் கட்டடத்தில் இருப்பது இபிஏபிஎக்ஸ் (கட்டடத்துக்குள் போன்களை இணைக்கும் எக்ஸ்சேஞ்ச்) என்றால் அதில் ‘ஹாட்லைன்’ வசதி பெரும்பாலும் இருக்கும். அதை அந்த வீடுகளின் எண்ணுக்கு மட்டும் போடச் சொல்லுங்கள். ரிசீவரை எடுத்து எதையும் அழுத்தாமல் இருந்தாலே வாட்ச்மேன் அறையில் மணி அடிக்கும். எடுத்த உடனே போகும்படி வைத்தால் அவர்களால் வேறு வீட்டுக்குப் பேச முடியாமல் போய்விடும். அதனால் நான்கைந்து விநாடி காத்திருந்து போகும்படி அமைக்கச் சொல்லுங்கள். போன் ஹாலில் மட்டும் இருந்தால், ஓர் இணைப்பைப் படுக்கைக்குப் பக்கத்திலும் இழுத்துவிடுங்கள். டெக்னீஷியன் முடித்துவிட்டேன் என்று சொன்னதும் அனுப்பிவிடாதீர்கள். அந்தப் பெரியவரையே ரிசீவரை எடுக்கச் சொல்லி, கீழே வாட்ச்மேன் பதில் சொல்வதை நீங்களும் பக்கத்தில் நின்று கேளுங்கள்.